இருக்கைக்கு ஒரு கல்

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் டைப்ரைட்டர் போட்ட சத்தம். எழுபதுகளின் தொடக்கம். பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சிறிய ஊரில், மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் பெயின்ட் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆய்வேட்டை ஆங்கிலத்திலேயே எழுத அனுமதி வாங்கியிருந்தார். திருச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் வீட்டில் இருக்கும்போது வெளியே எதற்குக் கொடுப்பது என்று ஆய்வகத்திலிருந்து ஒரு பழைய ஆங்கில மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பகல் முழுக்க நான் தட்டுவது கீழே கடைக்குக் கேட்கும்.

ஒரு நாள் கடைக்காரர் மாடியேறி வந்தார். அவர்தான் வீட்டுக்காரரும். புகார் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, மெஷினுக்கு அடியில் ஒரு கம்பளியை மடித்துச் செருகிவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் வாசலில் நின்றபடியே, "நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பீங்க?" என்று கேட்டார்.

அவர் அந்த ஊர்க் கால்பந்து கிளப்பின் பொருளாளர். கிளப்பில் டைப் செய்துகொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் மட்டும் வந்தால் போதும் என்றார். என் ஜெர்மன் மாலை வகுப்பு ஜெர்மன். அதையும் சொன்னேன். "எழுதிக் கொடுக்கறதைப் பார்த்து அடிக்கப் போறீங்க. அதுக்கு இது போதும்," என்றார்.

கிளப் அலுவலகம் பழைய பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த ஒரு மர அறை. எண்ணெய் அடுப்பின் வாடையும், ஆட்டக்காரர்கள் காலில் தேய்க்கும் தைலத்தின் வாடையும் எப்போதும் அங்கே இருக்கும். புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, கோல்கீப்பர் மட்டும் கையால் தொடலாம் என்பதுதான்.

முதல் மாதமே ஒரு பெரிய வேலை வந்தது. மாடத்தின் மரக் கூரை உளுத்துப்போய்விட்டது. அதை இடித்துவிட்டு இரும்பும் கான்கிரீட்டுமாகப் புதிதாகக் கட்டாவிட்டால் அந்த மாடத்தில் ஆட்களை உட்கார வைக்கக் கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. கிளப்பிடம் பணமில்லை. ஆகவே கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. மாடத்தில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், அடுத்த சீசனுக்கும் தங்கள் இருக்கை வேண்டுமென்றால், டிக்கெட் விலையோடு கூரைக்கு ஒரு நன்கொடையும் தர வேண்டும். அதற்குக் "கட்டடக் கல்" என்று பெயர் வைத்தார்கள். இருக்கைக்கு ஒரு கல். ஒரு கல்லின் விலை ஏறத்தாழ இன்னொரு சீசன் டிக்கெட்டின் விலை.

பொருளாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படியெடுப்பதற்காக ஸ்டென்சிலில் அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு சொல்லில் நின்றேன். நன்கொடைக்கு முன்னால் "ஃப்ரைவில்லிஷ்" என்று இருந்தது. தன் விருப்பப்படி என்று பொருள். அதற்கு இரண்டு வரி கீழே, நன்கொடை வராத இருக்கைகள் வேறொருவருக்கு ஒதுக்கப்படும் என்றும் இருந்தது.

"இந்த இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கு," என்று அவரிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுவும் விட்டுப்போகலை."

"விருப்பப்படின்னா கொடுக்காமலும் இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். கொடுக்காதவங்க எதிர்ப்பக்கம் நின்னு பார்க்கலாம்," என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்கும் இது பிடிக்கலைம்மா. விருப்பப்படின்னு போட்டால்தான் அது நன்கொடை. இல்லைன்னா அது விலை. விலையை ஏத்தினா ஊரே சண்டைக்கு வரும்," என்றார். அந்தக் கூரைக்காக வங்கி கொடுத்த கடனுக்குத் தன் கண்ணாடிக் கடையை அவர் ஈடாக வைத்திருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

உண்மையில் அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. என் தம்பிக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் சீட் வாங்க அப்பா அலைந்தபோது, "கட்டட நிதிக்கு மனமுவந்து அளித்த நன்கொடை" என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். அம்மாவின் வளையல்கள் அந்தக் கட்டடத்துக்குள் போயின. அப்பா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரசீதில் "மனமுவந்து" என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அதை நினைத்துக்கொண்டே மீதிக் கடிதத்தை அடித்து முடித்தேன்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பொருளாளர் என் மேஜையைக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை. இரண்டு நாளில் புரிந்தது. கடிதத்தைக் கையில் கசக்கிக்கொண்டு, கத்துவதற்குத் தயாராக உள்ளே வருபவர்கள் புடவை கட்டிய ஒருத்தியைப் பார்த்ததும் தயங்குவார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். அவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். குரல் தானாக இறங்கிவிடும். என் மீது இப்படி ஒரு வேலையைச் சுமத்தியதற்காக அவர் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் வந்தவர்களில் பலர் என்னிடம் பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல், தங்கள் இருக்கையின் கதையைச் சொன்னார்கள். யார் யாரோடு வருவார்கள், எந்தத் தூண் எதை மறைக்கும் என்றெல்லாம். அப்படித்தான் ஊர் எனக்குப் பழகியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பது வயதைத் தாண்டிய, அகலமான ஒருவர் வந்தார். பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவர். கவுன்ட்டரில் கடிதத்தை விரித்து வைத்து, மேலே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

"இவர் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சீசன் டிக்கெட்காரர்களின் பதிவு அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் அடித்தேன், உடனே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்த வேண்டாம். அவர் பேர்லயே இருக்கட்டும். அதுல ரெண்டு இருக்கை இருக்கு. ஒண்ணு என்னோடது. அதுக்கு ஒரு கல்." பணத்தை எடுத்து வைத்தார். "இன்னொண்ணுக்கு அவன் வருவான். கடிதம் என் வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்கு. அவனுக்கும் ஒண்ணு அனுப்புங்க."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

"இதையே நீங்க அவர்கிட்ட காட்டிடலாமே."

"நாங்க பேசறதில்லை," என்றார்.

அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேசாதவர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கழிப்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் போனதும் பொருளாளர் சொன்னார். போர் முடிந்து ஒருவன் பின் ஒருவனாக இரண்டு மகன்களும் போர்க்கைதிகள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, அப்பா மகிழ்ச்சியில் மாடத்தில் இரண்டு இருக்கை வாங்கிக் கொடுத்தாராம். தனக்கு நின்று பார்ப்பதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் நிற்பவர்களோடு நின்றிருக்கிறார். அவர் இறந்தபின் வீடு யாருக்கு என்பதில் சண்டை. வீடு அண்ணனுக்குப் போனது. பேச்சு நின்றது. இருக்கையை மட்டும் இருவரும் விடவில்லை.

தம்பிக்கு நான் தனியாக ஒரு கடிதம் அனுப்பினேன். அந்த வாரமே வந்தார். ஒல்லியான மனிதர். தோல் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை. விரல் நுனிகளில் பசை காய்ந்து மஞ்சளாக இருந்தது. கடிதத்தை என் முன்னாலேயே மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"விருப்பப்படின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"விருப்பம் இல்லைன்னா?"

"இருக்கை வேற யாருக்காவது போயிடும்."

"அப்ப இது விருப்பம் இல்லை."

"இல்லை," என்றேன். எனக்குப் பின்னால் பொருளாளர் இருமினார். தம்பி சிரித்துவிட்டார். சிரிக்கும்போது அண்ணனின் முகம் அப்படியே தெரிந்தது.

"அவன் கட்டிட்டானா?"

"கட்டிட்டார்."

"கட்டுவான்," என்றார். பட்டறையில் ஆர்டர் குறைந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று பிறகு சொன்னார். மனைவிக்கு மூச்சுத் தொல்லை. "கடைசித் தேதி வரைக்கும் பார்க்கிறேன்," என்று கடிதத்தை நாலாக மடித்து உள் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தபோதும் அவர் வரவில்லை. ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பல் டாக்டர் நடுவரிசையில் இடம் வேண்டும் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்று கல் தரத் தயார் என்றார். காலியாகும் இருக்கைகளின் பட்டியலை நான் பென்சிலால் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அப்போது பூட்டுக்கடை அண்ணன் மறுபடி வந்தார். வேறெதையோ விசாரிக்க வந்தவர்போல் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பக்கத்தில் யார் உட்காரப் போறாங்க?"

"இன்னும் தெரியலை."

"அவன் வந்தானா?"

"ஒரு தடவை வந்தார்."

"கட்டலை."

 அடுத்தவர் கணக்கை இவரிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. அவருக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. இன்னொரு கல்லுக்கான பணத்தையும் தம்பியின் சீசன் டிக்கெட் விலையையும் கவுன்ட்டரில் வைத்தார்.

"நான் கொடுத்தேன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த இருக்கையில் உட்கார மாட்டான். கிளப்பே தள்ளுபடி செஞ்சுடுச்சுன்னு சொல்லிடுங்க."

"அப்படிச் சொன்னா நாளைக்கு எல்லாரும் தள்ளுபடி கேட்டு வருவாங்களே," என்றேன்.

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். எதிரே அந்தப் பதிவு அட்டை கிடந்தது, இறந்துபோன தகப்பனார் பெயரோடு. "ரசீதை இந்தப் பேர்ல போடட்டுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதிகப்பிரசங்கித்தனமாகிவிட்டதோ என்று பயந்தேன். அவர் அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். பொருளாளர் தன் மேஜையிலிருந்து நிமிராமலே, "வருமான வரிக்கு அந்த ரசீது செல்லாது," என்றார். "வரி யார் கேட்டது?" என்றார் அண்ணன்.

அன்றிரவு சாப்பிடும்போது என் கணவரிடம் கேட்டேன்.

"என்னங்க, ஒருத்தர் கொடுத்த பணத்துக்கு இன்னொருத்தர் பேர்ல ரசீது போடலாமா?"

"கமிட்டி ஓகே சொன்னா போடலாம். யாரு அந்த இன்னொருத்தர்?"

"அவங்க அப்பா."

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

"அவர் செத்துப்போயிட்டாருங்க."

அவர் ரசத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ப்ராப்ளம் இல்லை. வந்து கேக்க மாட்டார்," என்றார். பிறகு, நான் சிரிக்காததைப் பார்த்து, "நீ பொய் சொல்லலையே. புக்ல என்ன பேர் இருக்கோ அதைத்தானே போட்டே," என்றார்.

கடைசி நாளன்று தம்பி வந்தார். கடிதத்தையும் பழைய டிக்கெட் அட்டையையும் சேர்த்துக் கவுன்ட்டரில் வைத்து என் பக்கம் தள்ளினார். "இதைத் திருப்பிக் கொடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார். சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நான் புதிய டிக்கெட்டையும் ரசீதையும் எடுத்து வைத்தேன். "உங்க இருக்கைக்குப் பணம் வந்துடுச்சு," என்றேன். 

அவர் ரசீதைக் கையில் எடுத்தார். பெயரைப் படித்தார். "எங்க அப்பா நன்கொடை கொடுக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கண் சிவந்துவிட்டது.

"எங்க புத்தகத்தில் இருக்கிற பேர் அதுதான்."

"வந்து கட்டினது யாரு?"

"புத்தகத்தில் வேற பேர் இல்லை," என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதற்குமேல் பூசி மெழுகத் தெரியவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.  "அவன்கிட்ட சொல்லுங்க," என்று தொடங்கினார். நான் காத்திருந்தேன். "ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார். டிக்கெட்டை எடுத்துக்கொண்டார். ரசீதை என்னிடமே விட்டுப் போகப் பார்த்து, கதவு வரை போனவர் திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

இதன்பின் இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று நான் நம்பினேன். அந்த வயதில் அப்படித்தான் நம்பத் தோன்றும். இலையுதிர் காலத்தில் கிளப் எனக்கு இரண்டு இலவச டிக்கெட் கொடுத்தது. கணவரோடு போனேன். ஆட்டத்தைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் மாடத்தில் பாதிக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அண்ணன் பிளாஸ்கைத் திறந்து காபி குடித்தார். தம்பி கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நம் அணி கோல் போட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. கணவர் குளிர் என்று நினைத்துக்கொண்டு தன் மப்ளரைக் கொடுத்தார்.

வசந்தத்தில் கூரை முடிந்தது. கல் வாங்கிய எல்லாருடைய பெயரையும் ஒரு பெரிய பலகையில் எழுதிப் படிக்கட்டுப் பக்கம் மாட்டினார்கள். பெயின்டருக்கான பட்டியலை அடித்துக் கொடுத்தவள் நான். பலகை மாட்டிய மறு திங்களன்று கதவு திறந்தது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள். இருவரும் ஒன்றாக.

"எங்க அப்பா பேரைத் தப்பா எழுதியிருக்கீங்க," என்றார் அண்ணன்.

"இசட் வர வேண்டிய இடத்தில் ஒய் இருக்கு," என்றார் தம்பி.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆங்கில மெஷினில் ஒய் இருக்கும் இடத்தில் ஜெர்மன் மெஷினில் இசட்டும், இசட் இருக்கும் இடத்தில் ஒய்யும் இருக்கும். காலையில் வீட்டில் ஆய்வேட்டை ஆங்கில மெஷினில் அடித்துவிட்டு, பிற்பகலில் இங்கே வந்து உட்கார்ந்தால் விரல்கள் குழம்பிவிடும். கடிதங்களில் நான் பார்த்துப் பார்த்துத் திருத்துவேன். அந்தப் பட்டியலில் ஒன்று தப்பிவிட்டது. பெயின்டர் வேற்றூர்க்காரர். தாளில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டார். மெஷினைக் காட்டி, தவறு என்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை. ஹங்கேரிக்காரர் பேர் மாதிரி இருக்கு," என்றார் தம்பி.

"பள்ளிக்கூடத்திலேயும் ஒரு வாத்தியார் அப்படித்தான் எழுதுவார்," என்றார் அண்ணன்.

"அது என் வாத்தியார். உனக்கு வேற ஆள்."

"எனக்கும் அவர்தான். நீ வர்றதுக்கு முன்னாடி."

சொல்லிவிட்டு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொருளாளர் பேனாவைக் கீழே வைத்தார்.  நான் அவசரமாக ஒரு காகிதத்தில் சரியான எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். முதல் மூன்று எழுத்தை அண்ணன் சொன்னார். மீதியைத் தம்பி சொன்னார். பெயின்டர் வந்து திருத்தும்வரை கிளப் ஆள் ஒருவர் அந்த எழுத்தின் மேல் காகிதம் ஒட்டி வைத்தார்.

அடுத்த சீசனுக்கும் ஒரு கல் கேட்டார்கள். இந்தத் தடவை கழிப்பறைக்கு. அதிலும் "விருப்பப்படி" என்றுதான் இருந்தது. பொருளாளர் அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. கிளப் தப்பித்துக்கொண்டது, அவருடைய கடையும் தப்பித்தது. ஆனால் பல பழைய முகங்கள் அந்த ஆண்டோடு மாடத்திலிருந்து போய்விட்டன. அவர்களில் சிலரை எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் நடுவே பார்ப்பேன். சிலரை எங்கேயும் பார்க்கவில்லை. பல் டாக்டருக்கு வேறொருவரின் இருக்கை கிடைத்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். எலும்பு தேய்ந்து நிற்க முடியாத ஒரு ரயில்வே கிழவருடையது. அவருக்கு நான் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கழிப்பறைக் கல்லுக்கு அண்ணன் ஒரு நாளும் தம்பி ஒரு நாளும் தனித்தனியாக வந்துதான் பணம் கட்டினார்கள். தம்பியின் பட்டறையில் மறுபடி ஐந்து நாள் வேலை வந்திருந்தது. அட்டையை இரண்டாகப் பிரித்து அவரவர் பெயரில் போடட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றார்கள்.

என் கணவருக்குப் பம்பாயில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன்னால் கடைசியாக ஓர் ஆட்டத்துக்குப் போனோம். அன்று நல்ல மழை. புதிய கூரைக்கு அடியில் எங்களுக்கு அந்தச் சகோதரர்களுக்கு நேர் பின்வரிசையில் இடம் கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு தம்பி ஏதோ சொன்னார். அண்ணன் பதில் சொன்னார். பிறகு இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஊர்ப் பேச்சு ஜெர்மன். மாலை வகுப்பில் சொல்லித் தராதது. ஆனால் இத்தனை நாளில் எனக்குப் பழகியிருந்தது.

"என்ன பேசறாங்க?" என்று கணவர் என் காதில் கேட்டார்.

"ரெஃப்ரீக்குக் கண்ணு தெரியலைங்கறாங்க."

"வீட்டைப் பத்தி ஒண்ணும் பேசலையா?"

"இல்லை. ரெஃப்ரீயைப் பத்தி மட்டும்தான்."

அவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஏமாற்றமாக இல்லை. முன்னால் குனிந்து, ஆட்டம் முடியும்வரை அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.